போர் தண்ணீரும் கருநீலக் காரும்: வீட்டிலேயே கழுவி, பாலிஷ் போட்ட அனுபவம்

சென்னையில் காரின் பெயின்ட்டைக் கெடுப்பதில் முதல் குற்றவாளி தண்ணீர், இரண்டாவது குற்றவாளி துணி. தூசிக்கு மூன்றாவது இடம்தான் தருவேன். குரோம்பேட்டையில், ரயில் பாதைக்குக் கூப்பிடு தூரத்தில், மேற்கூரை இல்லாத இடத்தில் நிற்கிறது என் கருநீல செடான். பல ஆண்டுகளாக அதை நானே கழுவி, பாலிஷ் போட்டுப் பராமரித்து வருகிறேன். கருநீலம் அழகான நிறம்தான். ஆனால் ஒரு கீறலைக்கூட மறைத்து வைக்கத் தெரியாத நிறம். வெள்ளைக் காரைப் பெயருக்குத் துடைத்துவிட்டுப் போய்விடலாம். இதற்கு அந்தச் சலுகை கிடையாது.

தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் குடியிருப்பின் போர் தண்ணீரில், அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில், கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை நனைத்தால் லிட்டருக்கு 1,200 மில்லிகிராமுக்குக் குறைந்து காட்டியதில்லை. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்கத்தக்கதாகச் சொல்லும் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். போர் தண்ணீரைக் காரின் மேல் ஊற்றி வெயிலில் காயவிட்டால் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். அதிலிருந்த கால்சியமும் மெக்னீசியமும் எங்கும் போகாது. பானட்டின் மேல் வெள்ளை வளையங்களாக உட்கார்ந்துவிடும். குளியலறைக் குழாயில் படியும் அதே உப்புக் கறைதான். புதிதாகப் படிந்த கறையென்றால், வெள்ளை வினிகரையும் தண்ணீரையும் சம அளவில் கலந்து, துணியில் நனைத்து, நிழலில் ஒரு நிமிடம் ஒற்றி வைத்தால் கரைந்துவிடும். பிறகு நன்றாகக் கழுவிவிட வேண்டும். சித்திரை வெயிலில் வாரக்கணக்கில் கிடந்த கறை, பெயின்ட்டுக்கு மேலுள்ள 'கிளியர் கோட்' என்னும் நிறமில்லாத பூச்சையே அரித்துவிடும். அதற்கு வினிகர் போதாது.

இதற்கு நான் கண்ட வழி செலவில்லாதது: ஏ.சி. தண்ணீர். வடிகுழாய்க்கு அடியில் ஒரு பக்கெட்டை வைத்துவிட்டால் சென்னையின் புழுக்கத்தில் விடிவதற்குள் கணிசமாக நிறைந்துவிடுகிறது. காற்றிலிருந்த ஈரம் குளிர்ந்து வடிந்தது என்பதால் அதில் உப்பு மிகக் குறைவு. மீட்டரில் முதல்முறை இரண்டிலக்க எண்ணைப் பார்த்தபோது மீட்டர்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். சோப்புப் போட்டுக் கழுவும் நாள்களில், போர் தண்ணீரில் சோப்பைக் கழுவிவிட்டு, ஏ.சி. தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் கடைசி அலசலுக்கு ஊற்றுகிறேன். வளையக் கறை அன்றோடு நின்றது. ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரைக் காருக்குச் சேமித்து வைக்கும்படி ஊரெல்லாம் அறிவுரை சொல்கிறார்கள். அது போர் தண்ணீரைவிட உப்பு கூடியது. கழிப்பறைக்கு ஊற்றலாம், காருக்கு ஆகாது.

ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கவலையும் இல்லை. மழை பிடித்து ஒரு மணி நேரம் கழித்து, இடி மின்னல் இல்லாவிட்டால், ஷாம்பு பக்கெட்டோடு இறங்கிவிடுவேன். மேகமே அலசிக் கொடுத்துவிடும். மூன்றாம் மாடிப் பெரியவர் ஒருமுறை பால்கனியிலிருந்து குனிந்து, "தம்பி, மழையில் நனைகிற வண்டியை ஏன் கழுவுகிறீர்கள்?" என்று கேட்டார். "அதனால்தான் ஐயா கழுவுகிறேன்" என்றேன். திருப்தி இல்லாமல் உள்ளே போய்விட்டார்.

2019 கோடையை மறக்க முடியாது. சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவரப்பட்ட ஆண்டு அது. குழாய் போட்டுக் கார் கழுவக் கூடாது என்று குடியிருப்போர் சங்கம் அறிவிப்பு ஒட்டியது. நியாயமான அறிவிப்பு. அப்போது பிடித்துக்கொண்டதுதான் 'ரின்ஸ்லெஸ் வாஷ்' என்னும் முறை. ஒரு பக்கெட் தண்ணீரில் மூடியளவு திரவம், அலசவே வேண்டாம். அதிலுள்ள பாலிமர்கள் மண்துகளைச் சுற்றிக்கொண்டு பெயின்ட்டோடு உரசாமல் வழுக்கிவரச் செய்கின்றன. என்னிடம் இருக்கும் ஆப்டிமம் நோ ரின்ஸ் ஒரு பங்குக்கு 256 பங்கு தண்ணீர் கேட்கிறது. சிறிய பாட்டிலே நெடுநாள் வருகிறது. மழைக்காலம் தவிர இன்றும் எனக்கு இதுதான் வழக்கமான முறை. சேறு அப்பிய வண்டிக்கு மட்டும் இது சரிப்படாது. முதலில் தண்ணீரைப் பீய்ச்சிச் சேற்றை இறக்கிவிட வேண்டும்.

இந்த முறையில் எல்லாமே துணி மடிப்பில் இருக்கிறது. மைக்ரோஃபைபர் துணியை இரண்டாக மடித்து, மறுபடி இரண்டாக மடித்தால் எட்டு முகங்கள் கிடைக்கும். கூரையில் தொடங்கிக் கீழே வர வேண்டும். ஒரு முகம் ஒரு பகுதிக்கு; நேர்க்கோட்டில் ஒரே இழுப்பு; பிறகு அடுத்த முகம். வட்டமாகத் தேய்க்கும் பழக்கம் கையில் ஊறியிருக்கும். அதை மாற்றத்தான் எனக்கு நாளானது. எட்டு முகமும் அழுக்கானால் துணி ஓய்வுக்குப் போகும்; பக்கெட்டுக்குத் திரும்பாது. தரையில் விழுந்த துணி அந்த நொடியிலேயே பதவியிறக்கம் பெற்றுச் சக்கரத் துணியாகிவிடும். துவைக்கும்போது துணி மென்மையாக்கும் திரவம் சேர்க்கக் கூடாது. அது இழைகளில் படிந்து உறிஞ்சும் தன்மையைக் கெடுத்துவிடும்.

துணியைக் குற்றவாளி என்றதற்குக் காரணம் இருக்கிறது. நம் குடியிருப்புகளில் விடியற்காலையில் கார் துடைக்க வருபவர்களைப் பாருங்கள். ஒரு பக்கெட், ஒரு துணி, வரிசையாகப் பத்துப் பதினைந்து வண்டிகள். முதல் காரின் மண் கடைசிக் காரை அரம் போட்டுவிடுகிறது. வெயிலில் பானட்டைச் சாய்வாகப் பார்த்தால் சூரியனைச் சுற்றிச் சிலந்தி வலைபோல் தெரிகிறதே, அந்தக் கீறல்கள் இப்படி வந்தவைதான். அவர்களைக் குறைசொல்ல மனம் வரவில்லை. நாம் கொடுக்கும் மாதச் சம்பளத்துக்கு வண்டிக்கு ஐந்து நிமிடம் ஒதுக்குவதே அதிகம். எங்கள் வண்டிக்கு வருபவரிடம் கண்ணாடியையும் சக்கரத்தையும் மட்டும் துடைத்தால் போதும் என்று சொல்லிவிட்டேன், சம்பளம் அதேதான். முதல் மாதம் அவருக்கு என்மேல் சந்தேகம் இருந்தது.

ரயில் பாதைக்கு அருகில் நிறுத்துபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தண்டவாளமும் சக்கரமும் பிரேக்கும் உரசிப் பறக்கும் இரும்புத் துகள் பெயின்ட்டில் ஒட்டித் துருப்பிடிக்கிறது. வெள்ளைக் கார் என்றால் செம்மஞ்சள் புள்ளிகளாகத் தெரியும். என் காரில் கண்ணுக்குத் தெரியாது, கைக்குத்தான் தெரியும். கழுவிய பின் மெல்லிய பாலித்தீன் பைக்குள் கையை விட்டுப் பானட்டைத் தடவிப் பாருங்கள். வெறும் விரலுக்கு வழவழப்பாக இருந்த இடம் பைக்குள்ளிருந்து சொரசொரக்கும். இதற்கென்று 'அயர்ன் ரிமூவர்' விற்கிறார்கள். தெளித்த சில நிமிடங்களில் இரும்பு இருக்கும் இடமெல்லாம் ஊதா நிறத்தில் கரைந்து வழிகிறது. நாற்றம் அழுகிய முட்டையேதான். பக்கத்து வீட்டு ஜன்னல்கள் சாத்தியிருக்கும் நேரமாகப் பார்த்துச் செய்வது நல்லுறவுக்கு உகந்தது. மிச்சமிருக்கும் துகளை வழுக்கும் திரவம் தெளித்து 'கிளே பார்' என்னும் களிமண் கட்டியால் மெதுவாக இழுத்து எடுக்கலாம். இதை ஆண்டுக்கு ஒருமுறை செய்தால் போதும். அடிக்கடி செய்தால் களிமண்ணே கீறல் போடும்.

மெஷின் பாலிஷுக்கு நான் வைத்திருப்பது டூயல் ஆக்ஷன் வகை. அது சுழன்றுகொண்டே ஊசலாடுவதால் ஓரிடத்தில் சூடு தேங்காது. பழக்கமில்லாத கைக்கும் ஓரளவு பாதுகாப்பு. பட்டறைகளில் வைத்திருக்கும் ரோட்டரி வேகமானது, கைதேர்ந்தவர்களுக்கு உரியது. கிளியர் கோட்டின் தடிமன் பொதுவாக 40, 50 மைக்ரான் அளவில்தான் இருக்கும், தலைமுடியைவிட மெல்லியது. பாலிஷ் என்பது கீறலை நிரப்புவதல்ல, கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள பரப்பைச் சீவி எடுப்பது. எனவே ஒவ்வொரு பாலிஷும் அந்தச் சேமிப்பிலிருந்து எடுக்கும் செலவு. பொங்கலுக்குப் பொங்கல் கம்பவுண்ட் என்னும் சொரசொரப்பான பாலிஷ் பசையைப் போட்டு மினுக்குபவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. ஆழமான கீறலை விட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம். என் இடது பின்கதவில் ஒன்று இருக்கிறது. அது அங்கேயே இருக்கட்டும்.

பெயின்ட்டுக்குப் பாதுகாப்பாக மேலே பூசும் செராமிக் கோட்டிங் பற்றி என் கருத்து விற்பவர்களுக்குப் பிடிக்காது. கடையில் போட்டுக்கொண்டேன், சில ஆண்டுகள் ஓடிவிட்டன. அழுக்கு சுலபமாக வழுக்குகிறது, பறவை எச்சம் உடனே ஊறுவதில்லை, இவை உண்மை. ஆனால் விளம்பரத்தில் காட்டும் முத்து முத்தான நீர்த்துளி இருக்கிறதே, அதுதான் நம் ஊரில் வினை. தண்ணீர் பரவி ஓடாமல் துளியாக நிற்பதால், நிற்கும் துளி ஒவ்வொன்றும் காய்ந்து ஓர் உப்பு வளையத்தை விட்டுப்போகிறது. கோட்டிங் போட்ட வண்டியைப் போர் தண்ணீரில் கழுவித் துடைக்காமல் விட்டால், போடாத வண்டியைவிட அசிங்கமாகத் தெரியும். '9ஹெச் கடினம்' என்று சொல்வதும் பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் அளவுகோல். கல் பட்டாலும் கீறாது என்று பொருளல்ல. கோட்டிங் தேய்ந்த பிறகு அதைப் புதுப்பிக்கவில்லை. சில மாதங்களுக்கு ஒருமுறை தெளித்துத் துடைக்கும் சிலிக்கா ஸ்ப்ரேயே எனக்குப் போதுமானதாக இருக்கிறது. கார்னுபா மெழுகு போட்டால் கருநீலத்துக்கு வரும் ஆழமே தனி; ஆனால் நம் கோடையில் சில வாரங்களுக்கு மேல் தங்குவதில்லை. கல்யாணத்துக்குப் போகும் நாளில் போடலாம்.

தூங்குமூஞ்சி மர நிழலில் நிறுத்தாதீர்கள். நிழல் அருமையாக இருக்கும். மாலையில் கார் முழுக்கப் பிசுபிசுக்கும். கார் உறையும் வேண்டாம். உள்ளே சிக்கிய மண்ணைக் காற்று நாள் முழுக்கத் தேய்த்துக்கொண்டிருக்கும். அடிப்பாகத்துக்கு டீசல் அடிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ரப்பர் பாகங்கள் ஊதிக் கெடும். டாஷ்போர்டில் எண்ணெய்ப் பளபளப்பு ஏற்றினால் அது முன்கண்ணாடியில் பிரதிபலித்து, நண்பகலில் சாலையை மறைக்கும்.

ஆயுத பூஜை தனி அத்தியாயம். குழைத்த சந்தனம் காய்ந்து இறுகினால் சுரண்டத் தோன்றும். சுரண்டக் கூடாது, ஈரத்துணியைப் போட்டு ஊறவிட வேண்டும். குங்குமம் அதைவிடக் கெட்டி. வர்ணம் பூசாத கறுப்பு பிளாஸ்டிக்கில் இறங்கினால் மாதக்கணக்கில் சிவந்தே இருக்கும். அம்மாவிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். "சாமிக்குக்கூடக் கணக்குப் பார்ப்பாயா?" என்றார். "கண்ணாடியும் காரில்தானே இருக்கிறது அம்மா, பொட்டைக் கண்ணாடியில் வைத்துவிடுங்கள்" என்றேன். யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார், ஆனால் நான்கு கண்ணாடியிலும் வைத்தார்.

பொருள்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் ஏறி இறங்குவது எனக்குப் பிடிக்கும். துணியின் அடர்த்தியைக் கையில் தொட்டுப் பார்த்து வாங்கலாம். திரவங்களுக்கு ஆன்லைன் பரவாயில்லை. ஆனால் தயாரிப்புத் தேதியைப் பார்த்து வாங்குங்கள். புதிதாகத் தொடங்கும் என் மைத்துனருக்கு நான் எழுதிக்கொடுத்த சீட்டில் இருந்தவை: டி.டி.எஸ். மீட்டர், இரண்டு பக்கெட், ஒரு டஜன் மைக்ரோஃபைபர் துணி, ஒரு பாட்டில் ரின்ஸ்லெஸ் திரவம். மெஷின் வாங்க வேண்டாம், என்னுடையதைத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அவர் மீட்டரை மட்டும் விட்டுவிட்டு மற்றதை வாங்கி வந்திருக்கிறார்.