விருந்தா, முகாமா? சங்கத்துக்கு ஆள் சேர்த்த அனுபவம்

ஆனி மாதம் திருநெல்வேலியில் இரண்டு தேர் கிளம்பும். ஒன்று நெல்லையப்பர் தேர். வடம் பிடிக்க ஆள் தானாக வந்துவிடும். இன்னொன்று சேவைச் சங்கங்களின் தேர். ஜூலை 1-ல் அவற்றுக்குப் புது வருடம் பிறக்கிறது. புதுத் தலைவர் மாலை போட்டுக்கொண்ட கையோடு மேலிருந்து கேள்வி வந்துவிடும்: “இந்த வருஷம் எத்தனை பேர் சேர்க்கப் போறீங்க?” இந்தத் தேருக்கு ஆளை வீடு வீடாகப் போய்த்தான் இழுத்து வர வேண்டும்.

பாளையங்கோட்டையில் அப்படி ஒரு சங்கத்தில் இரண்டு தடவை செயலாளராக இருந்தேன். ரோட்டரியா லயன்ஸா என்பது இங்கே முக்கியமில்லை. நான் சொல்லப்போகும் தலைவலி இரண்டுக்கும் பொது. முதல் தடவை விருந்து வைத்து ஆள் சேர்த்தோம். இரண்டாம் தடவை சேவை முகாமுக்குக் கூட்டிப்போய், வேலை பார்க்கவிட்டு, அப்புறம் சேர்த்தோம். நான் முகாம் கட்சி, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

விருந்து முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஓட்டல் அரங்கு, ஏழு மணி என்று போட்டு எட்டரைக்குத் தொடங்கும் கூட்டம், சால்வை, கடைசியில் பரோட்டாவும் சால்னாவும். தயங்குகிறவருக்கென்று ஒரு வசனம் உண்டு: “அண்ணாச்சி, நீங்க வரலன்னாலும் பரவால்ல, பேரு மட்டும் குடுங்க. மத்தத நாங்க பாத்துக்கிடுதோம்.” நானே பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஒரே ராத்திரியில் 14 பேர் சட்டையில் சங்கச் சின்னப் பின் குத்திக்கொண்டு உறுப்பினரானார்கள். போட்டோ பிரமாதமாக வந்திருந்தது.

அண்ணாச்சிமார் நாங்கள் சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். வரவே இல்லை.

ஆள் வராததைக்கூடத் தாங்கலாம். பணம்தான் கழுத்தைப் பிடித்தது. சங்கத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது அதிகம் தெரியாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உறுப்பினர் தரும் சந்தா முழுவதும் சங்கத்தின் கையில் நிற்காது. ஒரு பங்கு மாவட்டத்துக்கு (அதாவது, பல ஊர்ச் சங்கங்களைச் சேர்த்த அமைப்புக்கு) போகும், ஒரு பங்கு அமெரிக்காவில் இருக்கும் தலைமைக்குப் போகும். தலைமைக்கானது டாலர் கணக்கு. ரோட்டரியில் 2025-26-க்கு ஆளுக்கு 82 டாலர். அதை இரண்டாகப் பிரித்து ஜூலையிலும் ஜனவரியிலும் கட்ட வேண்டும். லயன்ஸிலும் அரையாண்டுக் கணக்குதான். எத்தனை பேருக்குக் கட்டுவது? அன்றைக்குப் பட்டியலில் எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை பேருக்கும். அவர் கூட்டத்துக்கு வந்தாரா, சந்தா தந்தாரா, ஊரில்தான் இருக்கிறாரா என்றெல்லாம் பில் கேட்காது. ரூபாய் இறங்கினால் பில் ஏறும், அவ்வளவுதான்.

எங்கள் 14 பேரில் 9 பேர் அடுத்த ஜூலையில் போனையே எடுக்கவில்லை. பெயரை நீக்கினால் பில் குறையும். ஆனால் யார் நீக்குவது? ஒருவர் முன்னாள் தலைவரின் சம்பந்தி. இன்னொருவர் கடையில்தான் விழாவுக்கு வேட்டி சால்வை எடுக்கிறோம். எண்ணிக்கை குறைந்தால் மேலே பதில் சொல்லியாக வேண்டும் என்பது தனி. “அடுத்த மாசம் தந்திருவாவ” என்றே ஜூலையும் போனது, ஜனவரியும் போனது. ஒன்பது பேருக்கும் இரண்டு அரையாண்டுப் பணத்தைப் பொறுப்பில் இருந்த ஆறு பேர் கைக்காசிலிருந்து போட்டோம். இரண்டாவது தடவை போட்டதும் அந்த ஆறு பேரில் ஒருவர் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டார். கூட்டம் முடிந்து நாற்காலி மடக்கும்வரை நிற்கிற மனிதர் அவர். வராத ஆளுக்குப் பணம் கட்டிக் கட்டி, வந்துகொண்டிருந்த ஆளைத் தொலைத்தோம்.

அப்புறம் 2023 டிசம்பர் 17, 18 வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை தாண்டி, ஜங்ஷன் பேருந்து நிலையம் குளம் மாதிரி நின்றது. ஸ்ரீவைகுண்டம் பக்கம் அனுப்ப ஒரு மண்டபத்தில் எலுமிச்சை சாதம் பொட்டலம் கட்டினோம். பின் குத்திய 14 பேரில் வந்தது ஒருவர். மடித்துக் கட்டிய கைகளில் பாதி, எங்கள் பட்டியலிலேயே இல்லாத கைகள். தெருக்காரர்கள், கல்லூரிப் பையன்கள், இரண்டு டீச்சர்கள். அவர்களிடம் யாரும் அண்ணாச்சி வசனம் பேசவில்லை.

முகாம் முறை அங்கேதான் பிறந்தது. கண் சிகிச்சை முகாம் இதற்கு ரொம்பத் தோது. அரவிந்த் கண் மருத்துவமனை திருநெல்வேலியில் 1988-லிருந்து இருக்கிறது. இத்தகைய முகாம்களில் மருத்துவரும் கருவியும் மருத்துவமனைப் பொறுப்பு; இடம், நோட்டீஸ், ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்வது, வருகிறவர்களை வரிசையில் உட்காரவைப்பது சங்கத்தின் பொறுப்பு. புதிதாக வருகிறவருக்குத் தனித் திறமை எதுவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்கு வர வேண்டும். பாதிப் பேர் இதிலேயே கழிந்துவிடுவார்கள், நல்லதுதான்.

சீவலப்பேரி பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்த முகாமுக்கு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஒருவரைச் சீட்டு எழுதக் கூப்பிட்டிருந்தேன். புரை அறுவைக்குத் தேர்வான ஓர் ஆச்சி, வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு இறங்கிவிட்டார். “கண்ண நோண்டிருவானுவ, நா வரல.” சீட்டு எழுதியவர் பேனாவை மூடி வைத்துவிட்டுப் படிக்கட்டில் ஆச்சி பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பேரன் பெயர் என்ன, என்ன படிக்கிறான் என்று ஆரம்பித்து, தன் அம்மாவுக்கு ஆபரேஷன் ஆன கதைவரை போனார். கடைசியில் ஆச்சி தன் மஞ்சப்பையை அவர் கையில் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினார். பையோடு அவரும் ஏறிப் போய்விட்டார். ராத்திரி எனக்குப் போன்: “அந்த ஆச்சிக்கு எப்ப கட்டு அவுப்பாவ?” மூன்று முகாம் கழித்துத்தான் ஃபாரம் நீட்டினோம், சந்தா எவ்வளவு, எதற்குப் போகிறது என்று கணக்கையும் கூடவே வைத்தோம். இன்றைக்கு அவர்தான் எங்கள் பொருளாளர்.

இதில் நாங்கள் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. லயன்ஸ் 1987-லும் ரோட்டரி 1989-லும் பெண்களுக்குக் கதவைத் திறந்துவிட்டன. எங்கள் சங்கத்தில் அந்தக் கதவு ராத்திரி எட்டரைக்கு ஓட்டலில்தான் திறக்கும், யார் வருவார்கள்? காலை முகாமுக்கு அந்த இரண்டு டீச்சர்களும் வந்தார்கள், உறுப்பினராகவும் ஆனார்கள்.

விருந்தை ஒரேயடியாகக் கழிக்கவும் முடியாது. புதுச் சங்கம் தொடங்கவே 20 பேர் வேண்டும், அதற்கு மூன்று மூன்று முகாமாக நடத்திக்கொண்டிருக்க முடியாது. டாக்டர், ஆலை முதலாளி என்று கனமான கைகள் அந்த வழியில்தான் வருகின்றன. முகாம் முறையில் எங்களுக்கு அப்படி ஒருவர்கூட அமையவில்லை. வேகமும் இல்லை. இரண்டு வருடத்தில் சேர்ந்தவர்கள் 8 பேர், நிற்பவர்கள் 7 பேர். ஒருவர் சென்னைக்கு மாற்றலாகிப் போனார். இரண்டு வருடம் என்பது பெரிய அனுபவமும் இல்லை. ஐந்தாம் வருடம் இந்த ஏழு பேரும் இருப்பார்களா என்று என்னைக் கேட்காதீர்கள். குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைக்கு முகாமுக்கும் ஆள் கிடையாது. ரோட்டராக்ட், லியோ என்று இந்தச் சங்கங்களுக்கு உள்ள இளைஞர் அமைப்புப் பையன்களைப் பிற்பாடு சங்கத்துக்குள் கொண்டுவருவது மூன்றாவது வழி என்கிறார்கள். எங்களிடம் வந்த நாலு பேரும் வேலைக்கு பெங்களூர் போய்விட்டதால் நான் அதில் கருத்துச் சொல்வது சரியாக இருக்காது.

முகாம் முறையில் ஓர் ஓட்டையும் இருக்கிறது. வண்ணார்பேட்டையில் மெடிக்கல் வைத்திருக்கும் ஒருவர் இதுவரை ஐந்து முகாமுக்கு வந்துவிட்டார், மாத்திரையும் தன் கடையிலிருந்தே கொண்டுவருவார். போன வாரமும் ஃபாரத்தை எடுத்து நீட்டினேன். “இது எதுக்கு அண்ணாச்சி, வேலை இருந்தா ஒரு போன் போடுங்க, வந்திருதேன்” என்றார். ஃபாரம் என் ஸ்கூட்டர் பெட்டியில்தான் கிடக்கிறது. அடுத்த முகாமுக்கு மாத்திரை லிஸ்ட் அவரிடம் கொடுத்தாயிற்று.