ஜெர்மனிக்குக் கிளம்பும் முன்: கூட்டமா, வகுப்பா, சீனியர் குரூப்பா?

என் அண்ணன் மகள் அக்டோபரில் ஜெர்மனிக்கு மேற்படிப்புக்குப் போகிறாள். படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ் வந்தாயிற்று, மாதாமாதம் கொஞ்சமாக மட்டும் எடுக்க முடிகிற பிளாக்டு அக்கவுண்டில் ஒரு வருடச் செலவுக்கு 11,904 யூரோ போட்டாயிற்று, விசாவும் கையில். பெட்டி கட்டும் அன்று என் அம்மா புதுப் பெட்டியின் மூடியில் சிவப்பாக ஒரு ஸ்வஸ்திக் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டார். புதுச் சாமானுக்குப் பொட்டு வைக்கிற மாதிரிதான்.

"அத்தை, இதை என்ன செய்ய?" என்று எனக்குப் படம் அனுப்பினாள். அவள் மூன்று வழிகளில் தயாராகியிருந்தாள்: ஏஜென்சி நடத்திய அரைநாள் வழிகாட்டுக் கூட்டம், வார இறுதி ஜெர்மன் வகுப்பு, சீனியர்களின் வாட்ஸ்அப் குரூப். எது உருப்படி என்று பார்க்க அந்த ஸ்டிக்கரே போதுமாக இருந்தது.

கூட்டத்தில் இந்த விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். காப்பீட்டுக்கும் சிம் கார்டுக்கும் நடுவே "நாஜிச் சின்னங்கள் கூடாது" என்று ஒற்றை வரி. அவள் அதை அப்படியே நோட்டில் எழுதியும் வைத்திருக்கிறாள். ஹிட்லரின் நாஜிகள் வைத்திருந்த சின்னமும் ஸ்வஸ்திக் வடிவம்தான். ஆனால் அந்த வரிக்கும் பாட்டியின் ஸ்டிக்கருக்கும் முடிச்சுப் போட அவளுக்குத் தோன்றவே இல்லை. வீடு புகுந்த இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும், எந்தக் காகிதத்தை யாரிடம் காட்ட வேண்டும் என்பதற்கெல்லாம் கூட்டம் நல்லதுதான். பண்பாடு என்று வந்தால் "ஜெர்மானியர் நேரம் தவறாதவர்கள்" என்பதோடு சரி.

குரூப்பில் கேட்டதற்கு ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: "உள்பக்கம் ஒட்டிக்கோ, யாரும் பார்க்க மாட்டாங்க."

சீனியர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அங்கே படித்த காலத்தில் என்னைக் காப்பாற்றியது அவர்கள்தான். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட் வரை கிடைக்கும், ஞாயிறு கடை கிடையாது, இரவு 10 முதல் காலை 6 வரையும் ஞாயிறு முழுக்கவும் மிக்ஸியைத் தொடாதே, குளிரானாலும் ஜன்னலை அகலத் திறந்து காற்று விடு, இல்லாவிட்டால் சுவரில் பூஞ்சை பிடிக்கும். இதெல்லாம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. கால அட்டவணையில் மணிக்குப் பக்கத்தில் சி.டி. என்று இருந்தால் வகுப்பு கால்மணி கழித்துத்தான் தொடங்கும் என்பதையும், காலியான ஹாலில் ஒருநாள் தனியாக உட்கார்ந்திருந்த பிறகு, ஒரு சீனியர்தான் சொன்னார். அன்று பாடம் முடிந்ததும் எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். ஏதோ கலவரம் என்று நினைத்தேன். அங்கே அதுதான் கைதட்டல்.

ஆனால் குரூப் சொல்லித் தருவது பெரும்பாலும் மாட்டிக்கொள்ளாமல் இருக்கும் வித்தை. எதிராளிக்கு ஏன் வலிக்கிறது என்ற பேச்சு அங்கே வராது. கூடவே "ஜெர்மன்காரங்க நம்மோட ஒட்டவே மாட்டாங்க" என்ற தீர்ப்பும் இலவசம். அதை நம்பி, இரண்டு வருடமும் தமிழ்ச் சமையலறையை விட்டு வெளியே வராதவர்களை எனக்குத் தெரியும்.

வகுப்பில் என்ன நடந்தது? டீச்சர் ஒரு நடைபாதையின் படத்தைக் காட்டினாராம். வாசலுக்கு முன்னால் 10 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு பித்தளைத் தகடு. அதில் ஒரு பெயர், பிறந்த வருடம், பிடித்துக்கொண்டு போன வருடம், கொல்லப்பட்ட முகாம். குன்ட்டர் டெம்னிக் என்ற கலைஞர் 1990களில் தொடங்கிய வேலை இது. நாஜிகளால் துரத்தப்பட்டவர்கள் கடைசியாகத் தங்கள் விருப்பப்படி வாழ்ந்த வீட்டின் முன் பதிக்கிறார்கள். தகடுகளின் எண்ணிக்கை 2023இல் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. தண்டனைச் சட்டத்தின் 86அ பிரிவையும் டீச்சர் சொன்னார்: நாஜிச் சின்னத்தைப் பொதுவில் காட்டினால் மூன்று வருடம் வரை சிறை அல்லது அபராதம். சட்டம் குறிவைப்பது நம் சாமி படத்தை இல்லை. ஆனால் தினமும் அந்தத் தகட்டைத் தாண்டி வீட்டுக்குள் போகிறவர் உன் பெட்டியைப் பார்த்த நொடியில் பாட்டியைப் பற்றி விசாரிக்க மாட்டார், இல்லையா?

அன்று இரவே ஸ்டிக்கரை அவளே உரித்தாள். பாட்டியிடம் அந்தத் தகட்டின் கதையையும் சொன்னாள். என் அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அதே இடத்தில் மஞ்சளால் பிள்ளையார் சுழி போட்டார்.

வகுப்பின் இன்னொரு லாபம் 'ஸீ', 'டூ' என்ற இரண்டு சொற்கள். நீங்கள், நீ மாதிரிதானே என்று நாம் சுலபமாகப் பிடித்துக்கொள்கிறோம். அங்கேதான் சறுக்கல். நமக்கு அது வயதும் மரியாதையும். அவர்களுக்குப் பெரும்பாலும் பழக்கத்தின் தூரம். இங்கே "வாம்மா, உட்கார்" என்று சொல்லும் பேராசிரியரின் இடத்தில் அங்கே இருப்பவர் இருபது வயது மாணவியையும் 'ஸீ' என்றே அழைப்பார். அதை விறைப்பு என்று எடுத்துக்கொண்டால் மனம் நோகும். சம மரியாதை என்று புரிந்தால் நிம்மதி. இதை வாரா வாரம் வாயால் சொல்லிப் பழக வேண்டியிருக்கிறது. ஸ்லைடில் பார்த்து வருவதில்லை.

வகுப்பிலும் ஓட்டை உண்டு. பணமும் மாதக்கணக்கில் நேரமும் வேண்டும். 'குட்டன் டாக்' கற்றுக்கொண்டு பவேரியாவில் இறங்கினால் 'க்ரூஸ் காட்' என்பார்கள், வகுப்பின் இரண்டாம் படியான ஏ2 வரை படித்த ஜெர்மன் திருதிருவென்று விழிக்கும்.

என்னைக் கேட்டால் முதல் இடம் வகுப்புக்கு, சமையலறைக்கும் குப்பைத் தொட்டிக்கும் குரூப், காகிதங்களுக்கு மட்டும் கூட்டம். ஒரு மாதம்தான் கையில் இருக்கிறது என்றால் முதல் படியான ஏ1இன் முதல் சில பாடங்களையாவது ஆள் எதிரே உட்கார்ந்து பேசிப் படியுங்கள். குரூப்பில் கேட்கும்போது "செய்யலாமா?" என்பதோடு நிறுத்தாமல், "செய்தால் பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொன்னார்?" என்றும் கேளுங்கள். அவள் கேட்டாள். மிக்ஸி விஷயத்தில் மட்டும் பதினொரு பேர் பதில் எழுதினார்கள்.