வீட்டில் புராஸ்டேட் தொந்தரவு உள்ளவர்கள் இருந்தால், சளி மாத்திரை வாங்கும்முன் இதைப் படியுங்கள்

மலேசியாவின் பினாங்கில், ஜெலுத்தோங் வட்டாரத்து மருந்துக்கடை ஒன்றில் என் அப்பாவுக்கு நடந்தது இது. புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை.

அப்பாவுக்கு 71 வயது. ரத்த அழுத்தத்துக்குக் காலையில் ஒரு மாத்திரை, புராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) வீக்கத்துக்கு ராத்திரியில் டாம்சுலோசின். இரண்டையும் ஒழுங்காகச் சாப்பிடுகிறவர். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை அடிவாரத்தில் தெரிந்தவர்களின் தண்ணீர்ப்பந்தலில் விடிய விடிய நின்றுவிட்டு வந்தார். அப்புறம் மூக்கடைப்பு, இருமல், லேசான காய்ச்சல். தைப்பூசம் முடிந்த வாரத்தில் பினாங்கில் யார்தான் இருமாமல் இருக்கிறார்கள்? சாதாரணச் சளிதானே என்று அவரே கடைக்கு நடந்து போய் மருந்து வாங்கி வந்தார்.

கடையில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் இருந்திருக்கிறார். "சளியா பாக்சிக் (மலாயில் பெரியவரே)?" என்று கேட்டதோடு சரி. வயது கேட்கவில்லை. வேறு மாத்திரை ஏதும் சாப்பிடுகிறீர்களா என்று கேட்கவில்லை. ஐசி (அடையாள அட்டை) வாங்கிப் பார்க்கவும் இல்லை. மாத்திரை அட்டை ஒன்றைக் கத்தரியால் பாதியாக வெட்டி, சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டு, அதன்மேல் பேனாவால் "1 பிஜி, 3 காலி செஹாரி" (ஒரு மாத்திரை, நாளைக்கு மூன்று வேளை) என்று மலாயில் எழுதிக் கொடுத்தார். கூடவே ஒரு இருமல் சிரப், ஒரு பாரசிட்டமால் அட்டை. மொத்தம் 38 ரிங்கிட். அந்தப் பெண் மருந்தாளரே இல்லை, விற்பனைப் பணியாளர் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் சாயங்காலம் மூக்கடைப்பு நன்றாகவே விட்டுவிட்டது. ஆனால் அப்பா கழிவறைக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். உள்ளே குழாய் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து உட்காருவார், உடனே மறுபடியும் எழுந்து போவார். மகளிடம் சொல்லக் கூச்சம். நள்ளிரவுக்குமேல் அம்மாதான் என்னை எழுப்பி, "அப்பாவுக்கு மத்தியானத்திலிருந்து ஒண்ணுக்கே வரலையாம், வயிறு கல்லு மாதிரி இருக்கு" என்றார். தொப்புளுக்குக் கீழே கை வைக்க விடவில்லை அப்பா. கிராப் வாடகைக் கார் பிடித்து மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போனோம்.

அங்கே இருந்த இளம் டாக்டர், தமிழர், வயிற்றைத் தொட்டுப் பார்த்த உடனே கேட்ட முதல் கேள்வியே, "அங்கிள், சளிக்கு ஏதாவது மருந்து சாப்பிட்டீங்களா?" என்பதுதான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. சளி மருந்துக்கும் சிறுநீருக்கும் என்ன சம்பந்தம்? உறையை எடுத்துக் கொடுத்தேன். கத்தரித்த அட்டையில் மருந்தின் முழுப்பெயர்கூட இல்லை. வெள்ளித்தாளின் ஓரத்தில் "எபிட்ரின்" என்ற வால் பகுதியும், பக்கத்தில் 60 என்ற எண்ணும் மட்டும் மிச்சம். அவருக்கு அது போதுமாக இருந்தது.

குழாய் போட்டதும் ஏறக்குறைய ஒரு லிட்டர் சிறுநீர் வெளியேறியது. ரத்த அழுத்தம் 180ஐத் தாண்டியிருந்தது. வலியாலும் ஏறியிருக்கலாம், மருந்தாலும் ஏறியிருக்கலாம் என்றார் டாக்டர். குழாயோடும் காலில் கட்டிய பையோடும்தான் அப்பா வீட்டுக்கு வந்தார். அது கழற்றப்படும்வரை வாசல் பக்கம் போகவே மறுத்துவிட்டார்.

டாக்டர் சொன்ன விளக்கத்தை என் வார்த்தையில் சொல்கிறேன். மாத்திரையில் இருந்தது சூடோஎபிட்ரினும் டிரிப்ரோலிடினும். சூடோஎபிட்ரின் மூக்கின் ரத்தக்குழாய்களைச் சுருக்கி அடைப்பை எடுக்கும். ஆனால் அது மூக்கோடு நிற்பதில்லை. சிறுநீர்ப்பையின் வாய்ப்பகுதியிலும் புராஸ்டேட்டிலும் உள்ள தசைகளையும் இறுக்கிவிடும். அப்பா ராத்திரி சாப்பிடும் டாம்சுலோசின் இருக்கிறதே, அது அதே தசைகளைத் தளர்த்தத்தான் கொடுக்கப்படுகிறது. ஒருவர் திறந்துவிட்ட கதவுக்கு இன்னொருவர் தாழ்ப்பாள் போட்ட கதை. டிரிப்ரோலிடின் பழைய தலைமுறை அலர்ஜி மருந்து; வாயை உலர வைக்கும், தூக்கம் வரவைக்கும், சிறுநீர்ப்பை தானாகச் சுருங்கி வெளியேற்றும் வலுவையும் குறைக்கும். இது போதாதென்று அந்த இருமல் சிரப்பில் டைபென்ஹைட்ரமின். அதுவும் அதே வகை. ஒரே வேலையைச் செய்யும் இரண்டு மருந்துகளை ஒரே பையில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பிரிட்டோன் என்று நாம் எல்லோரும் வீட்டில் வைத்திருக்கிறோமே, அந்த குளோர்பெனிரமினும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். கண்ணில் குளுக்கோமா (கண் அழுத்த நோய்) உள்ளவர்களில் சிலருக்கும் இவை ஆகாது.

இதெல்லாம் புதிய கண்டுபிடிப்பு இல்லை. மருந்தோடு வரும் துண்டுத்தாளில் புராஸ்டேட் எச்சரிக்கை அச்சடித்தே இருக்கும். பாதி அட்டையை வெட்டி விற்றால் அந்தத் தாள் யார் கைக்குப் போகும்?

கடைக்குப் போய்க் கேட்டேன். இந்தத் தடவை மருந்தாளர் இருந்தார். அன்று தான் சாப்பிடப் போயிருந்த நேரம் என்றார். "உங்கள் அப்பா தனக்குப் புராஸ்டேட் இருப்பதைச் சொல்லவில்லையே" என்றும் சொன்னார். கேட்டால்தானே சொல்வார்? மூக்கடைப்புக்கும் மூத்திரத்துக்கும் முடிச்சு போட 71 வயது மனிதருக்கு எப்படித் தெரியும்? கடைசியில் சமாதானத்துக்கு வேறு ஒரு பெட்டியை எடுத்து நீட்டி, மாற்றித் தருகிறேன் என்றார். திருப்பிப் பார்த்தால் பெனைல்எப்ரின். அதற்கும் அதே புராஸ்டேட் எச்சரிக்கை உண்டு. அதோடு, வாய்வழி சாப்பிடும் பெனைல்எப்ரின் மூக்கடைப்புக்குப் பயன் தருவதில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் ஆலோசனைக் குழு 2023இல் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. வேண்டாம் என்று வைத்துவிட்டு வந்தேன்.

சூடோஎபிட்ரின் நம் நாட்டில் 1952ஆம் ஆண்டு விஷச் சட்டத்தின் பட்டியலில் உள்ள பொருள். மருந்தாளர் விற்க வேண்டும், அல்லது அவர் பக்கத்தில் நின்று பார்க்க விற்க வேண்டும். வாங்குபவரின் விவரம் பதிவேட்டில் ஏற வேண்டும். உறையில் நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், தேதி, கடை முகவரி, "உபாட் தெர்காவால்" (கட்டுப்படுத்தப்பட்ட மருந்து) என்ற வாசகம் எல்லாம் இருக்க வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது பேனாவில் எழுதிய ஒரு வரி. மருந்தாளர் வெளியே போனால் அந்தப் பக்கத்து அலமாரி பூட்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உங்களுக்கு இப்படி வெட்டிக் கொடுத்தால் முழுப் பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள். பெட்டியில் "மால்" என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். எண்களை அடுத்து வரும் எழுத்து ஏ என்றால் அது பட்டியலிட்ட விஷம், மருந்தாளர் இல்லாமல் விற்கக் கூடாது. எக்ஸ் என்றால் பட்டியலில் இல்லாதது. ஆனால் எக்ஸ் போட்டதெல்லாம் எல்லோருக்கும் ஆகும் என்று நினைத்துவிடாதீர்கள். வயதானவர்களின் வழக்கமான மாத்திரைகளைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துவிட்டால், கூச்சப்படுகிறவர்கள்கூட வாய் திறக்காமல் படத்தைக் காட்டிவிடலாம். எங்கள் அப்பா இப்போது அப்படித்தான் செய்கிறார். மூக்கடைப்புக்கு அவருக்கு டாக்டர் சொன்னது உப்புநீர் ஸ்பிரே, காய்ச்சலுக்குப் பாரசிட்டமால்.

மாநிலச் சுகாதாரத் துறையின் மருந்தக அமலாக்கப் பிரிவில் புகார் கொடுத்தாயிற்று. பக்கவிளைவைப் பற்றித் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் பயனீட்டாளர் படிவத்திலும் நிரப்பி அனுப்பினேன். பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்கும் ஒரு நகல். புகாரை வாங்கிக்கொண்ட அதிகாரி முதலில் கேட்டது ரசீதையும் அந்தப் பிளாஸ்டிக் உறையையும்தான். ஜெலுத்தோங் பக்கம் யாராவது இதேபோல் பேர் இல்லாத உறையில் மருந்து வாங்கியிருந்தால், காலியாகிவிட்டது என்று குப்பையில் போட்டுவிடாதீர்கள்.