சொகுசுக் கப்பல் பயணத்துக்கு ஏஜென்ட் வேண்டுமா? நீண்ட காலப் பயன்பாட்டில் தெரிந்தவை

சொகுசுக் கப்பல் பயணத்துக்கு ஏஜென்ட் எதற்கு என்று கேட்பவர்கள் பெரும்பாலும் விலையை மனதில் வைத்தே கேட்கிறார்கள். விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது. கப்பல் நிறுவனத்தின் இணையதளத்தில் ஒரு சூட்டுக்கு (பெரிய சொகுசு அறைக்கு) என்ன கட்டணமோ, அநேகமாக அதேதான் ஏஜென்டிடமும். ஏஜென்டுக்கான கமிஷனை நிறுவனம்தான் கொடுக்கிறது. நேரடியாகப் பதிவு செய்தால் அந்தக் கமிஷன் நமக்குக் குறையாது, நிறுவனத்திடமே தங்கிவிடும். பல சொகுசு நிறுவனங்கள் தங்கள் கட்டணத்தைவிடக் குறைத்து விளம்பரம் செய்ய ஏஜென்டுகளை விடுவதும் இல்லை. ஆகவே தள்ளுபடியை மட்டும் தேடிப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும்.

ஏஜென்டின் உண்மையான பயன் டெபாசிட் கட்டிய நாளுக்கும் கப்பல் ஏறும் நாளுக்கும் நடுவில் இருக்கிறது. இந்தப் பயணங்கள் ஓராண்டு, இரண்டாண்டு முன்பே விற்பனைக்கு வந்துவிடுவதால் அந்த இடைவெளி நீளமானது. அதற்குள் கட்டணம் மாறும், சலுகை மாறும், சில நேரம் துறைமுகமும் மாறும். அத்தனை நாளும் நம் புக்கிங்கை யாராவது திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

கட்டணம் குறைந்தால்

முழுத்தொகை கட்டும் கடைசித் தேதிக்கு முன் கட்டணம் இறங்கினால், பெரும்பாலான நிறுவனங்கள் புதிய கட்டணத்துக்கு மாற்றித் தரும். தானாக மாற்றாது, கேட்க வேண்டும். நல்ல ஏஜென்ட் ஒவ்வொரு புதிய சலுகை அறிவிப்பின்போதும் தன்னிடமுள்ள புக்கிங்குகளை ஒப்பிட்டுப் பார்ப்பார். இதை நாமே செய்யலாமே என்று தோன்றும். செய்யலாம்தான், ஆனால் கணக்கு அவ்வளவு நேராக இருக்காது.

ஒரு சூட் 18,000 டாலருக்குப் பதிவாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதோடு நிறுவனம் தந்த 500 டாலர் ஆன்போர்டு கிரெடிட் (கப்பலில் செலவழிக்கத் தரும் தொகை), ஏஜென்சியின் குரூப் ஒதுக்கீட்டில், அதாவது ஏஜென்சி மொத்தமாகப் பிடித்து வைத்த அறைகளில், வந்த 300 டாலர் கிரெடிட். நான்கு மாதம் கழித்து அதே சூட் 17,400 என்று தளத்தில் தெரிகிறது. 600 டாலர் மிச்சம் என்று உடனே மாற்றச் சொன்னால், புதிய சலுகையில் அந்த 500 இருக்காது. குரூப்பிலிருந்து வெளியேறுவதால் 300-உம் போகும். கடைசியில் 200 டாலர் நஷ்டம். அது போதாதென்று, திருப்பித் தரக்கூடியதாக இருந்த டெபாசிட் புதிய கட்டணத் திட்டத்தில் திரும்பாத டெபாசிட்டாக மாறியிருக்கவும் கூடும். இந்த நான்கு வரிக் கணக்கைப் போட்டு “மாற்ற வேண்டாம்” என்று சொல்லும் ஏஜென்டைக் கைவிடக் கூடாது.

முழுத்தொகை கட்டிய பிறகு கட்டணம் இறங்கினால் வித்தியாசம் பணமாக வருவது அரிது. மேல்வகை அறையோ கூடுதல் கிரெடிட்டோ கேட்டுப் பார்க்கலாம். அது உரிமை இல்லை, தயவு. ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான அறைகள் விற்கும் ஏஜென்சி நிறுவனத்தின் விற்பனை மேலாளரிடம் கேட்பதற்கும், தனிப்பயணி கால் சென்டரில் கேட்பதற்கும் பலன் ஒன்றாக இருக்காது.

முழுத்தொகைக்கான கெடு பொதுவாகப் புறப்பாட்டுக்கு 90 முதல் 150 நாள் முன்பு வரும். ஏஜென்சிகள் அதற்குச் சில நாள் முன்னதாகவே தங்கள் கெடுவை வைப்பது வழக்கம். இரண்டு தேதிகளையும் தனித்தனியாகக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த அறை

இணையதளத்தில் அறை எண்ணைத் தேர்ந்தெடுக்கும்போது வகையும் விலையும் தெரியும். மேலே என்ன, கீழே என்ன, பக்கத்தில் என்ன என்பது தெரியாது. நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே உள்ள அறையில் விடியற்காலையில் நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கூரை வழியாக இறங்கும். சமையலறைக்குக் கீழே இருந்தால் தள்ளுவண்டிச் சத்தம். முன்பகுதியில் கீழ்த்தளமாக இருந்தால் நங்கூரச் சங்கிலி, கரை சேரும்போது கப்பலைப் பக்கவாட்டில் நகர்த்தும் உந்திகளின் அதிர்வு. இணைப்புக் கதவுள்ள அறையில் பக்கத்து அறையின் பேச்சு முழுதாகக் கேட்கும். உயிர்காப்புப் படகுகளுக்கு ஒரு தளம் மேலே உள்ள பால்கனியில், தொடுவானம் தெரியும், கீழே எட்டிப் பார்த்தால் கடலுக்குப் பதில் படகின் முதுகு தெரியும்.

தளங்களின் வரைபடத்தை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் பாதி விஷயம் நமக்கே பிடிபடும். மேலும் கீழும் பயணிகளின் அறைகளே இருக்கும் தளம், கப்பலின் நீளத்தில் நடுப்பகுதி: குமட்டல் வருகிறவர்களுக்கும் இந்த நடுப்பகுதி நல்லது. மீதிப் பாதி அந்தக் கப்பலில் போனவருக்குத்தான் தெரியும். ஒரே வகை, ஒரே விலை, ஆனால் ஒரு அறையின் பால்கனி மட்டும் பக்கத்து அறையைவிட ஆழமாக இருக்கும். வளைவில் அமைந்த அறையாக இருந்தால் அப்படி அமையும். தேர்ந்த ஏஜென்டுகள் இப்படிப்பட்ட எண்களைக் கப்பல் வாரியாகக் குறித்து வைத்திருப்பார்கள்.

‘கேரன்டி’ என்று விற்கப்படும் அறையில் வகை மட்டுமே உறுதி, எண் பின்னால்தான் வரும். விலை கொஞ்சம் குறைவு. தூக்கம் லேசாக வருகிறவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

விளம்பரத்தில் ஊர் பெயர், நிஜத்தில் துறைமுகம்

பயணத் திட்டத்தில் ‘பாரிஸ்’ என்றிருந்தால் கப்பல் நிற்பது பெரும்பாலும் லெ ஹாவ்ரேயில். அங்கிருந்து பாரிஸ் சுமார் 200 கிலோமீட்டர். ‘பெர்லின்’ என்றால் வார்னமுண்டே, ஒரு வழிக்கே ஏறக்குறைய மூன்று மணி நேரம். ‘ரோம்’ என்றால் சிவிடவேக்கியா, ‘ஃபுளோரன்ஸ்’ என்றால் பெரும்பாலும் லிவோர்னோ, ‘லண்டன்’ என்றால் பெரும்பாலும் சவுத்தாம்ப்டன். கப்பல் காலை எட்டுக்கு வந்து மாலை ஆறுக்குக் கிளம்பினால் பெர்லினில் கிடைப்பது மூன்று நான்கு மணி நேரம்தான். அந்த நாளை அங்கே செலவழிக்கலாமா, துறைமுகத்தை ஒட்டிய சிற்றூரில் நிதானமாகச் சுற்றலாமா என்று முன்கூட்டியே பேச ஒரு ஆள் வேண்டும்.

வெனிஸ் இன்னும் சிக்கல். 2021 ஆகஸ்ட் முதல் 25,000 மொத்த டன்னேஜுக்கு (கப்பலின் கொள்ளளவைக் குறிக்கும் அளவு) மேற்பட்ட, அல்லது 180 மீட்டரைத் தாண்டிய கப்பல்கள் சான் மார்கோ படுகையிலும் ஜுதெக்கா கால்வாயிலும் நுழைய முடியாது. ஐந்நூறு அறுநூறு பேர் மட்டுமே போகும் பல சொகுசுக் கப்பல்களும் இந்த அளவைத் தாண்டியவைதான். அதனால் ‘வெனிஸ்’ என்று அச்சிட்டிருந்தாலும் ஏறுவது ஃபுசினா, மார்கேரா, ராவென்னா, ட்ரியஸ்தே என எதுவாகவும் இருக்கலாம். விமானத்தையும் ஹோட்டலையும் பதிவு செய்யும் முன் இதைக் கேட்டாக வேண்டும்.

அன்டார்க்டிகாவில் கப்பலின் அளவுதான் எல்லாமே. 500 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் அங்கே யாரையும் கரையிறக்க முடியாது. ஒரே நேரத்தில் ஓரிடத்தில் 100 பேர்தான் கரையில் இருக்கலாம். அப்படியானால் 200 பேர் உள்ள கப்பலில் இரண்டு அணி, 400 பேர் என்றால் நான்கு அணி; நமக்குக் கிடைக்கும் கரை நேரமும் அப்படியே சுருங்கும். கலாபகஸ் தீவுகளில் கப்பலுக்கே 100 பயணிகள்தான் உச்சவரம்பு. அறையின் படங்களைப் பார்த்து அன்டார்க்டிகாவுக்குக் கப்பல் தேர்ந்தெடுப்பது வீண் செலவு.

அடுத்தடுத்த இரண்டு பயணங்கள்

ஒரே கப்பலில் இரண்டு பயணங்களைச் சேர்த்துப் போகிறவர்கள் ஏஜென்ட் இல்லாமல் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் 1886-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளிநாட்டில் பதிவாகி அந்நாட்டுக் கொடியுள்ள கப்பல் ஒரு அமெரிக்கத் துறைமுகத்தில் ஏறிய பயணியை வேறொரு அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்க வேண்டுமானால், நடுவே ஒரு தொலைதூர அயல்நாட்டுத் துறைமுகத்தைத் தொட்டிருக்க வேண்டும். கனடாவும் மெக்சிகோவும் இதில் ‘தொலைதூரம்’ ஆகாது. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து வான்கூவர் வரை ஒரு பயணம், வான்கூவரிலிருந்து அலாஸ்காவின் சீவர்ட் வரை இன்னொன்று. தனித்தனியாக இரண்டும் சரி. ஒரே ஆள் ஒரே கப்பலில் இறங்காமல் தொடர்ந்தால், லாஸ் ஏஞ்சலஸில் ஏறி சீவர்டில் இறங்கியதாகவே கணக்காகும்; அது சட்டமீறல், தலைக்கு இவ்வளவு என்று அபராதம். இரண்டும் வெவ்வேறு எண்களில் பதிவாவதால் சிக்கல் பல மாதம் கழித்தே நிறுவனத்தின் கண்ணில் படும். அதற்குள் விமான டிக்கெட் எடுத்தாகிவிட்டிருக்கும்.

தொடர் பயணங்களில் ஷெங்கன் விசாவையும் (பல ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) இப்படியே பார்க்க வேண்டும். நடுவில் ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறி மீண்டும் நுழையும் வழியாக இருந்தால் ஒருமுறை நுழைவு விசா போதாது.

கூடுதல் சலுகைகள்

விர்ச்சுவோசோ, சிக்னேச்சர் போன்ற ஏஜென்சிக் கூட்டமைப்புகள் குறிப்பிட்ட பயணங்களில் தங்கள் உறுப்பினர்களுக்கென்று சலுகை வாங்கி வைத்திருக்கும்: கிரெடிட், வரவேற்பு விருந்து, சில பயணங்களில் ஒரு நாள் கரைச் சுற்றுலா. அதே கப்பல், அதே தேதி, அதே கட்டணம். ஏஜென்ட் மாறினால் கிடைப்பதும் மாறும். இரண்டு பேரிடமாவது கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் இருவரிடமும் ஒரே பெயரில் அறையைப் பிடித்து வைக்கச் சொல்லாதீர்கள். இரட்டைப் பதிவு என்று நிறுவனம் ஒன்றை ரத்து செய்யலாம்.

ஏஜென்ட் தரும் கிரெடிட் நிறுவனத்தின் உறுதிச்சீட்டில் சில நேரம் வராது. மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். பெரும்பாலும் அது பணமாகத் திரும்பாது. கடைசி இரவுக்குள் செலவழிக்காவிட்டால் போனதுதான். மது, டிப்ஸ், வைஃபை எல்லாம் கட்டணத்திலேயே அடங்கிய கப்பலில் 800 டாலர் கிரெடிட்டை எதில் செலவழிப்பது? ஸ்பாவும் கரைச் சுற்றுலாவும்தான் வழி. சுற்றுலாவும் கட்டணத்தில் சேர்ந்த நிறுவனம் என்றால் ஸ்பா மட்டுமே. கிரெடிட்டுக்குப் பதிலாகக் கிளம்பும் ஊரில் ஒரு இரவு ஹோட்டல் கேட்டுப் பாருங்கள், அது அதிகம் பயன்படும்.

பணம் யாரிடம் போகிறது

இதில் சமரசம் வேண்டாம். அட்டை ரசீதில் கப்பல் நிறுவனத்தின் பெயர் வர வேண்டும், ஏஜென்சியின் பெயர் அல்ல. ஏஜென்சி தன் கணக்கில் வாங்கினால், அது நிறுவனத்துக்குக் கட்டியதா என்பது நமக்குத் தெரியாது. டெபாசிட் கட்டிய மறுநாளே நிறுவனத்தின் புக்கிங் எண்ணை வாங்கி அதன் தளத்தில் போட்டுப் பாருங்கள். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துப் பிசகாமல், சூட் எண், கட்டணக் குறியீடு, கட்டிய தொகை: நான்கும் பொருந்த வேண்டும்.

நிறுவனமே மூழ்கினால் ஏஜென்டால் அதிகம் செய்ய முடியாது. 2022 ஜனவரியில் கிரிஸ்டல் குரூஸஸ் என்ற சொகுசுக் கப்பல் நிறுவனம் நின்றுபோனபோது, முன்பணம் கட்டியவர்களில் கிரெடிட் கார்டில் கட்டியவர்களுக்கு வங்கி வழியாகத் திரும்பக் கேட்க ஒரு வழி இருந்தது. மற்றவர்கள் நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர்களின் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. காப்பீடு எடுக்கும்போது நிறுவனம் திவாலானால் ஈடு உண்டா என்று பாருங்கள்; கப்பல் நிறுவனமே விற்கும் காப்பீட்டில் இது பொதுவாக இருக்காது. ஏற்கெனவே உள்ள நோய்க்கு ஈடு வேண்டுமென்றால் பல பாலிசிகள் முதல் டெபாசிட்டிலிருந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் எடுக்கச் சொல்லும். டெபாசிட் கட்டிய அன்றே இதை நினைவூட்டுகிறவர் தொழில் தெரிந்தவர்.

எங்கே சறுக்குகிறது

ஏஜென்ட் வழியாகப் பதிவு செய்தபின் கட்டணம், ரத்து, அறை மாற்றம் பற்றிப் பல நிறுவனங்கள் நம்மிடம் நேரடியாகப் பேசாது. ஏஜென்டின் அலுவலகம் மூடிய நேரத்தில் விமானம் ரத்தானால் இந்த ஏற்பாடு எரிச்சலூட்டும். அவசர எண் உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். ரத்து செய்தால் நிறுவனத்தின் பிடித்தத்துக்கு மேல் ஏஜென்சியும் தனியாகப் பிடிக்கிறதா என்பதும் முக்கியம். நிபந்தனைத் தாளின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும். கமிஷன் அதிகம் தரும் நிறுவனத்தின் பக்கம் தள்ளிவிடுகிறவர்களும் உண்டு.

இவர்களை வடிகட்ட இரண்டு கேள்வி போதும். “இந்தச் சூட்டுக்கு நேர் மேலே என்ன இருக்கிறது?” என்று கேளுங்கள். உடனே தெரியாவிட்டாலும் பார்த்துச் சொல்கிறேன் என்று அன்றே திரும்பி வந்தால் சரி. அடுத்து, “எனக்கு எந்த நிறுவனம் ஒத்துவராது, ஏன்?” எல்லாமே அருமை என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

ஏற்கெனவே நேரடியாகப் பதிவு செய்துவிட்டவர்களும் ஏஜென்டுக்கு மாற்றலாம். முழுத்தொகை கட்டாமல் இருக்க வேண்டும், பதிவு செய்து 30 முதல் 60 நாளுக்குள் என்று நிறுவனத்துக்கு நிறுவனம் கெடு வேறுபடும், சில நிறுவனங்கள் மாற்றவே விடாது. கப்பலில் இருக்கும்போதே அடுத்த பயணத்துக்கு டெபாசிட் கட்டினால் சலுகை கூடுதலாகக் கிடைக்கும். அங்குள்ள மேசையில் படிவம் நிரப்பும்போது நம் ஏஜென்சியின் பெயரை அதில் எழுதச் சொல்லிவிட்டால், கப்பல் சலுகையும் ஏஜென்சி சலுகையும் சேர்ந்து வரும். எழுத மறந்தால் அது நேரடிப் பதிவாகிவிடும், ஊர் திரும்பியதும் மேலே சொன்ன கெடு ஓட ஆரம்பித்திருக்கும்.