கடலோரம் ஓடும் வேனில் எந்த ஸ்க்ரூ தாங்கியது?

பழைய டெம்போ டிராவலர் ஒன்றின் சீட்டுகளைக் கழற்றிவிட்டு, படுக்கை, சின்ன சமையல் மேடை, அலமாரி என்று உள்ளே கட்டி, சில வருஷங்களாகத் தூத்துக்குடி, மணப்பாடு, ராமேஸ்வரம் பக்கமே ஓட்டிக்கொண்டிருக்கிறேன். சமீபத்தில் ஒயரிங் மாற்றுவதற்காகச் சுவர்ப் பலகை, தரைப் பலகை எல்லாவற்றையும் பிரிக்க வேண்டிவந்தது. எது நின்றது, எது போனது என்று ஒவ்வொரு ஸ்க்ரூவாகப் பார்க்க அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.

கறுப்பு ஜிப்சம் ஸ்க்ரூவைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. தச்சர் அலமாரிக்குள் அடித்துவிட்டுப் போனவை. வீட்டு சீலிங்குக்கு வேண்டுமானால் சரி. மேலே இருப்பது பாஸ்பேட் பூச்சு மட்டும்தான். சிங்குக்குக் கீழே இருந்தவற்றைச் சுற்றி பிளைவுட்டில் கறுப்புக் கறை, ஸ்க்ரூடிரைவர் வைத்ததுமே பல தலைகள் கையோடு வந்துவிட்டன. துருப்பிடிக்காத இடத்திலும் இவை ஒடியும் சாதி. குலுங்குகிற வண்டிக்கு ஆகாது.

ஜிங்க் பூசியவை இடத்துக்கு இடம் வேறுபட்டன. மேல் அலமாரியில் இருந்தவை கடையில் வாங்கியபடியே பளிச்சென்று இருக்கின்றன. தரையில் இருந்தவற்றில் முதலில் வெள்ளைப் பொடி, அதற்கடியில் செந்துரு. மின்முலாமாக ஏற்றும் ஜிங்க் சில மைக்ரான் கனம்தான். உப்புத் தண்ணீருக்கு அது எத்தனை நாள் தாங்கும்? மோசமானவை தரைத் தகரத்தைத் துளைத்து அடியில் மூக்கை நீட்டியிருந்த செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூக்கள். டயர் வாரியடிக்கும் சேற்றையும் உப்பையும் அந்த மூக்குதான் முதலில் வாங்கிக்கொள்கிறது.

ஸ்டெயின்லெஸ்ஸில் 304 என்ற ரகம் நன்றாகவே நின்றது. கதவோரம் மட்டும் டீக்கறை போல லேசான பழுப்பு. துடைத்தால் போகிறது. 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்த 316 அந்தக் கறைகூட இல்லாமல் இருக்கிறது. விலை உறுத்துவதால் கதவோரத்துக்கும் தரைக்கும் மட்டும் வாங்கினால் போதும் என்பேன். கடையில் காந்தம் வைத்துப் பார்த்து ஏமாற வேண்டாம். நிக்கல் குறைந்து மாங்கனீஸ் கூடிய 202-ம் காந்தத்தில் ஒட்டாது, ஆனால் கடற்காற்றில் சீக்கிரம் பழுப்பேறித் துருப்பிடிக்கும். போல்ட் தலையில் ஏ2 என்றிருந்தால் 304 வகை, ஏ4 என்றால் 316 வகை. குறியே இல்லாத போல்ட்டைக் கடைக்காரர் எவ்வளவு சத்தியம் செய்தாலும் நான் வாங்குவதில்லை.

ஆனால் எந்த ஸ்க்ரூ என்பது பாதிக் கதைதான். ஸ்க்ரூ மின்னிக்கொண்டிருக்க, அதைச் சுற்றிய தகரம் பொரிந்து உதிர்ந்த இடங்களைத்தான் இந்த முறை அதிகம் பார்த்தேன். துளை போட்டதும் பெயிண்ட் போய் விளிம்பில் இரும்பு வெளியே வந்துவிடுகிறது. ராத்திரி உள்ளே படுத்தால் மூச்சுக்காற்றே தகரத்தில் வியர்த்து, பலகைக்குப் பின்னால் வழிகிறது. ஸ்டெயின்லெஸ்ஸும் இரும்பும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் இரும்புதான் கரையும். வண்டி முழுக்க பெயிண்ட் இருந்து விளிம்பு மட்டும் திறந்திருப்பதால், கரைவது முழுக்க அந்தச் சின்ன வளையத்திலேயே நடக்கிறது. ஸ்க்ரூ மாற்றிக்கொள்ளலாம், கூரையைத் தாங்கும் பில்லரை மாற்ற முடியுமா? துளைத்தவுடன் இரும்புத் தூளைத் துடைத்து, விளிம்பில் ஜிங்க் பிரைமர் தடவி, நைலான் வாஷர் போட்டு, கொஞ்சம் சீலன்ட்டோடு முறுக்கிய துளைகள் எல்லாம் சுத்தமாக இருந்தன. அங்கே ஜிங்க் ஸ்க்ரூ இருந்த இடங்களும் அப்படித்தான். துளைத்த தூளைத் துடைக்காமல் விட்டால் அதுவே தரை மூலையில் சேர்ந்து துருவுக்கு விதை போடும்.

தகரத் துளையில் நசுக்கிப் பொருத்தும் மரைக் குழல்தான் ரிவ்நட். அலுமினிய ரிவ்நட்டில் ஸ்டெயின்லெஸ் போல்ட் போடவே வேண்டாம். வெள்ளைப் பொடி பூத்து மரை இறுகி, கழற்றும்போது ரிவ்நட்டே சேர்ந்து சுற்றியது, கடைசியில் கிரைண்டர்தான். இரும்பு பாடிக்கு ஜிங்க் பூசிய இரும்பு ரிவ்நட்டே ஒத்துப்போகிறது. தண்டை இழுத்து ஒடித்துப் பொருத்தும் பாப் ரிவெட்டிலும் ஒரு விஷயம்: உடல் அலுமினியம் என்றாலும் உள்ளே ஒடிந்து நிற்கும் தண்டு பெரும்பாலும் இரும்பு, கண்ணீர் மாதிரி துரு வடிவது அதிலிருந்துதான். ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஸ்டெயின்லெஸ் நட்டை வேகமாக முறுக்கினாலும் மரை கடித்துக்கொள்ளும். மரை கடிக்காமல் இருப்பதற்கான ஆன்டி-சீஸ் பேஸ்ட் தடவி, கையாலேயே நிதானமாக முறுக்க வேண்டும்.

சீட், சீட் பெல்ட் போல்ட்டுகளை மட்டும் அழகுக்காக ஸ்டெயின்லெஸ்ஸாக மாற்றாதீர்கள். ஏ2-70 என்ற ஸ்டெயின்லெஸ் போல்ட்டின் இழுவலிமை 700 மெகாபாஸ்கல், தலையில் 8.8 என்றிருக்கும் சாதாரண இரும்பு போல்ட்டுக்கே 800. துருப்பிடித்திருந்தால் தலையில் உள்ள அதே எண்ணைச் சொல்லி, வண்டி கம்பெனி ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலேயே வாங்குங்கள்.