ரசிகர் விழாவுக்கு ‘அறை, வேன் எல்லாம் எங்கள் பொறுப்பு’ என்கிறவரிடம் பணம் கொடுக்காதீர்கள்

64,400 ரூபாய். பெங்களூரு காமிக் கான் விழாவுக்கு அறை, வேன் ஏற்பாடு செய்வதாகச் சொன்ன வேலூர்க் கடை ஒன்றில், நாங்கள் பதினான்கு பேர் தலைக்கு 4,600 வீதம் கொடுத்த பணம். அதைக் கேட்கப் போன என்னை நேற்று மாலை கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக வெளியே அனுப்பினார்கள். ஆத்திரம் அடங்கட்டும் என்று காத்திருக்க முடியவில்லை. அதே கடை வாசலில், அடுத்து சென்னையில் நடக்கப்போகும் விழாவுக்கு ‘அறை, வேன் முன்பதிவு நடைபெறுகிறது’ என்று புது பேனர் தொங்குகிறது. இன்னொரு பிள்ளை அந்தப் படியேறுவதற்குள் இதை எழுதிவிட வேண்டும்.

கடையின் பெயரை எழுதவில்லை. மனு கொடுக்கப் போகிற நேரத்தில் வேண்டாம் என்று விவரம் தெரிந்தவர்கள் தடுத்துவிட்டார்கள். வேலூரில் தெருவுக்குத் தெரு பார்ப்பீர்களே, ரயில் டிக்கெட், பஸ் டிக்கெட், திருப்பதி, சபரிமலை என்று கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டிய சுற்றுலா ஏற்பாட்டுக் கடை, அந்த ரகம்.

பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் கேடிபிஓ என்ற கண்காட்சி வளாகம் இருக்கிறது. காமிக் கான் விழா அங்கேதான் சனி, ஞாயிறு என இரண்டு நாள் நடந்தது. காமிக்ஸ், அனிமே என்கிற ஜப்பானிய கார்ட்டூன், வீடியோ கேம் என்று பித்துப் பிடித்த கூட்டம் எங்கெங்கிருந்தோ வந்து குவியும். எங்கள் குழுவில் காட்பாடி, குடியாத்தம், ராணிப்பேட்டை, ஆற்காடு பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒருவன் விடியற்காலையில் நேதாஜி மார்க்கெட்டில் பூ மூட்டை இறக்கிவிட்டுக் கல்லூரிக்குப் போகிறவன். 4,600 ரூபாய் அவனுக்கு எவ்வளவு பெரிய தொகை என்று எனக்குத் தெரியும்.

இந்த மாதிரி விழாவில் எத்தனை மணிக்குப் போய்ச் சேருகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. டிக்கெட் நாள் வாரியாகத் தருகிறார்கள். சனிக்கிழமை டிக்கெட் ஞாயிற்றுக்கிழமை செல்லாது. வாசலில் பையைச் சோதிப்பார்கள். பிடித்த கதாபாத்திரம் போல வேடமிட்டு வருகிறவர்களின் வாள், கேடயம் எல்லாவற்றையும் இரும்பா, கூர்மையா என்று தனியாகப் பார்ப்பார்கள். வேடப் போட்டியில் கலந்துகொள்ள வேண்டுமானால் உள்ளே போனதும் பெயர் பதிய வேண்டும். அதற்கு முன்னால் உடை மாற்றி, முகத்துக்குச் சாயம் பூசி முடிக்கவே இரண்டு மணி நேரம் ஆகும். அறை பக்கத்தில் இருக்க வேண்டும், முந்தின இரவே போய்ச் சேர வேண்டும் என்று நாங்கள் தலைபாடாக அடித்துக்கொண்டது இதற்காகத்தான்.

முதலில் ரயிலில்தான் போவதாக இருந்தோம். முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கிறது. திறந்த அன்றே லால்பாக் எக்ஸ்பிரஸில் இடம் பிடித்துவிட்டோம். வெள்ளிக்கிழமை மாலை காட்பாடியில் ஏறினால் இரவுச் சாப்பாட்டு நேரத்துக்குக் கிருஷ்ணராஜபுரம். அங்கே ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே மெட்ரோ. ஊதா வழித்தடத்தில் நேராக ஒயிட்ஃபீல்டு. அறை மட்டும்தான் பாக்கி. அதை விசாரிக்கத்தான் அந்தக் கடைக்குப் போனோம்.

கூடவே வேடத்துக்கான கவசத்தையும் எடுத்துப் போயிருந்தோம். எங்கள் குழுவில் ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை செய்யும் தம்பி ஒருவன் இருக்கிறான். செருப்புக்கு அடியில் வைக்கிற ஈவிஏ ஷீட்டை வாங்கி, வெட்டி, சூடு காட்டி வளைத்து, ஷூ ஒட்டுகிற அதே பசையால் ஒட்டி, மேலே வெள்ளி நிறம் அடித்து, முழு மார்க்கவசமும் தோள் தட்டுகளும் செய்திருந்தான். பார்த்தால் இரும்பு என்றுதான் நினைப்பீர்கள்; தூக்கினால் காகிதம் போல இருக்கும். மாதக்கணக்கில் இரவு ஷிப்ட் முடித்து வந்து செய்த வேலை.

கடைக்காரர் அந்தத் தோள் தட்டை இரண்டு கையாலும் வாங்கி, மேசை மேல் துண்டை விரித்து வைத்தார். “தம்பி, இதை ரயிலிலா கொண்டுபோவீர்கள்? வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் நசுங்கிவிடுமே!” என்றார். டைரியைத் திறந்து எங்கள் கண் முன்னால் எழுதினார். வெள்ளி 3.30 காட்பாடி. 8.30 அறை. சனி 8.15 வேன். 8.30 விழா வாசல். கீழே கோடு போட்டு வழியும் வரைந்தார். “ஒசூர் வழியாகப் போகவே கூடாது, சில்க் போர்டு நெரிசலில் மாட்டிக்கொள்வீர்கள். சித்தூர், பலமநேர், முல்பாகல், கோலார், ஹோஸ்கோட்டே. அப்படியே ஒயிட்ஃபீல்டில் இறங்கலாம்” என்றார். அது சரியான வழிதான். ஊர் வழி தெரிந்தவன் சொல்லும்போது யார் சந்தேகப்படுவார்கள்?

அறை எங்கே என்று கேட்டேன். “விழா வாசலிலிருந்து ஐந்து நிமிட நடை மேடம். ஐந்து அறை. பெண் பிள்ளைகளுக்குத் தனித் தளம்.” குடியாத்தத்திலிருந்து ஒரு பெண்ணின் அம்மாவும் வந்திருந்தார். அவருக்கு மகளை வெளியூர் அனுப்பப் பயம். அவரைப் பார்த்து அந்த மனிதர் எழுந்து நின்று சொன்னதை நான் மறக்கமாட்டேன். “அம்மா, உங்கள் மகள் எனக்குக் கூடப் பிறந்த தங்கை மாதிரி. அறைக்குப் போய்ச் சேர்ந்ததும் நானே உங்களுக்கு போன் செய்து சொல்கிறேன்.” அந்த அம்மா கண் கலங்கி, முந்தானையில் முடிந்து வைத்திருந்த பணத்தை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தார். அங்கேயே ரயில் டிக்கெட்டுகளை ரத்து செய்தோம். 40,000 யுபிஐயில், 24,400 ரொக்கம். மொத்தம் 64,400. ரசீதில் ரப்பர் முத்திரை குத்திக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு வேன் வரவில்லை. “டயர் மாற்றுகிறார்கள்”, “வாலாஜா தாண்டிவிட்டது”, “இதோ கிரீன் சர்க்கிள்.” ஒவ்வொரு போனுக்கும் ஒரு பதில். வேன் வந்தபோது இரவு ஒன்பது தாண்டிவிட்டது. ஓட்டுநர் பாவம், வயதானவர். சித்தூர் வழி என்றதும் விழித்தார். ஆந்திராவுக்கு அந்த வண்டிக்கு பெர்மிட்டே இல்லை. ஆம்பூர், வாணியம்பாடி, கிருஷ்ணகிரி, ஒசூர் என்றுதான் போனது. எந்த வழியில் போகவே கூடாது என்று அந்த ஆள் படம் வரைந்து காட்டினாரோ அதே வழி.

அத்திப்பள்ளியில் நிறுத்தினார்கள். கர்நாடகத்துக்குக் கட்ட வேண்டிய வரியும் கட்டவில்லை. கடைக்காரருக்கு போன் மேல் போன் போட்டோம். அடித்தது, எடுக்கவில்லை. கடைசியில் பிள்ளைகள் சாப்பாட்டுக்கு வைத்திருந்த காசைத் திரட்டி நாங்களே கட்டினோம். நள்ளிரவு தாண்டி, சாலையோரம், பெண் பிள்ளைகளை வண்டிக்குள் உட்கார வைத்துக் கதவைப் பூட்டிக்கொண்டு.

அங்கிருந்து வண்டி கொஞ்ச தூரம் போய் சந்தாபுராவில் ஒரு சந்துக்குள் நின்றது. இதுதான் அறை என்றார் ஓட்டுநர். சந்தாபுராவிலிருந்து ஒயிட்ஃபீல்டு 25 கிலோமீட்டருக்கு மேல். ஐந்து நிமிட நடையாம்! வரவேற்பில் தூங்கிக்கொண்டிருந்த பையன் நோட்டைப் புரட்டி, இரண்டு அறைதான் சொல்லியிருக்கிறார்கள், அதுவும் ஒரு இரவுக்கு, பணம் இன்னும் வரவில்லை என்றான். அதையும் நாங்கள் கட்டினோம். பெண்களை இரண்டு அறையிலும் படுக்க வைத்துவிட்டுப் பையன்கள் மாடிப்படியில் உட்கார்ந்தே விடிய வைத்தார்கள். பெங்களூரின் ஜனவரிக் குளிர் தெரிந்தவர்களுக்கு அது எப்படிப்பட்ட இரவு என்று தெரியும். குடியாத்தத்து அம்மா எனக்கு போன் செய்துகொண்டே இருந்தார். அவருக்கு வந்திருக்க வேண்டிய போன் வரவேயில்லை.

காலையில் வேன் இல்லை. “இறக்கிவிட்டு வா என்றுதான் எனக்குச் சொன்னார்கள் அம்மா” என்று சொல்லிவிட்டு ஓட்டுநர் போய்விட்டார். போகும் முன் சாமான்களை வேனின் கூரையிலிருந்து இறக்கினார்கள். தார்ப்பாய் போடாமல், மற்ற மூட்டைகளோடு சேர்த்துக் கயிறு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். மார்க்கவசத்தின் நடுவில் விரல் ஆழத்துக்குக் கயிறு பதிந்திருந்தது. ஒரு தோள் தட்டு ஒட்டு விட்டு வாய் பிளந்து கிடந்தது. பனி இறங்கி வெள்ளி நிறம் திட்டுத் திட்டாக உரிந்திருந்தது. தம்பி ஒன்றும் பேசவில்லை. அறையிலிருந்த பெண்ணிடம் முடி உலர்த்தும் கருவியை வாங்கி, சூடு காட்டிக் காட்டி அந்தப் பள்ளத்தைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டே இருந்தான். ஈவிஏ ஷீட் அழுத்தம் வாங்கிவிட்டால் முழுதாகத் திரும்பாது. அவனுக்கும் தெரியும்.

நான்கு டாக்சி பிடித்து, சனிக்கிழமை நெரிசலில் ஊர்ந்து, வரிசையில் நின்று உள்ளே போனபோது மதியம் ஒன்றரை. போட்டிக்குப் பெயர் பதிவது முடிந்துவிட்டது. எங்களில் பாதிப் பேரிடம் சனிக்கிழமை டிக்கெட் மட்டும்தான். சாயங்காலத்துக்குள் எதைப் பார்ப்பது? ஞாயிறுக்கு டிக்கெட் வைத்திருந்தவர்களும் அன்றிரவு தங்க இடமில்லாமல் எங்களோடே ஊர் திரும்பிவிட்டார்கள். விழா நடத்தியவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. எங்கள் நாளைத் திருடியவர் வேலூரில் உட்கார்ந்திருக்கிறார்.

திரும்பி வந்த பிறகு நடந்ததுதான் இன்னும் எரிச்சல். முதலில், முதலாளி திருப்பதி போயிருக்கிறார் என்றார்கள். அப்புறம், லாட்ஜ்காரர் ஏமாற்றிவிட்டார், எனக்கும்தான் நஷ்டம் என்றார். அப்புறம், வேன் வாடகை, டீசல் எல்லாம் போக 3,000 ரூபாய் தருகிறேன், அதுவும் எதுவும் பேசமாட்டோம் என்று கையெழுத்துப் போட்டால் என்றார். 64,400 வாங்கிக்கொண்டு 3,000! என் வாட்ஸ்ஆப் செய்திகளைப் படித்த நீலக்குறி விழுகிறது, பதில் மட்டும் வருவதில்லை. நேற்று நேரில் போனால், புதிதாக ஒரு பையனை உட்கார வைத்திருக்கிறார்கள். “அவர் இப்போது இங்கே இல்லை மேடம்” என்கிறான். உள்ளறையிலிருந்து அவர் குரல் எனக்குக் கேட்கிறது. சத்தம் போட்டதும் வெளியே வந்து ரசீதை நீட்டச் சொன்னார். “டூர் அட்வான்ஸ் என்றுதானே போட்டிருக்கிறது? ஒயிட்ஃபீல்டு என்று எங்கே இருக்கிறது? ஐந்து அறை என்று எங்கே இருக்கிறது?” அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று தங்கை என்று சொன்ன வாய் அது.

சிஎம்சி மருத்துவமனைக்கு வரும் வடமாநில நோயாளிகளைக் காட்பாடி ஸ்டேஷனிலேயே மடக்கி, இல்லாத அறையைக் காட்டிப் பணம் பறிக்கும் தரகர்களை இந்த ஊரில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இவரும் அதே தொழில்தான் செய்கிறார். அவசரத்தில் வருகிறவர்களும் ஆசையோடு வருகிறவர்களும்தான் இவர்களுக்கு இரை.

ஆனால் அந்த டைரிப் பக்கத்தை எங்கள் குழுப் பெண் ஒருத்தி அப்போதே படம் எடுத்து வைத்திருக்கிறாள். 3.30, 8.30, ஒயிட்ஃபீல்டு, ஐந்து அறை, எல்லாம் அவர் கையெழுத்தில். 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தாகிவிட்டது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயாராகிறது. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமே கிடையாது. கடை எங்கே இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

போகிறவர்கள் இதையாவது செய்யுங்கள். லாட்ஜின் பெயரைக் கேட்டு நீங்களே போன் செய்து, உங்கள் பெயரில் எத்தனை அறை, எத்தனை இரவு என்று கேளுங்கள். பெயரைச் சொல்ல மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். வண்டி எண்ணை முன்கூட்டியே வாங்குங்கள், வெளிமாநிலம் என்றால் பெர்மிட்டின் நகலைக் கேளுங்கள். யுபிஐயில் கடைப் பெயர் வராமல் யாரோ ஒரு தனி நபர் பெயர் வந்தால் அனுப்பாதீர்கள். எங்களுக்கு அப்படித்தான் வந்தது, ‘என் தம்பி கணக்கு’ என்றார். கையில் ரயில் டிக்கெட் இருந்தால் யார் சொன்னாலும் ரத்து செய்யாதீர்கள். கவசத்தை மடியில் வைத்துக்கொண்டாவது போங்கள்.

சென்னை விழாவுக்கு அந்த பேனரைப் பார்த்து யாரும் போக வேண்டாம். விழா நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் என்றால் வேலூரிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் பூந்தமல்லி போய் இறங்குங்கள். அங்கிருந்து பரங்கிமலை போகும் சாலையிலேயே அரங்கம் இருக்கிறது. அதற்கு அறையும் வேண்டாம், வேனும் வேண்டாம்.

ஏற்கெனவே அங்கே பணம் கட்டியவர்கள் இருந்தால் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு என்னைத் தொடர்புகொள்ளுங்கள். வருகிற திங்கட்கிழமை மனு கொடுக்கப் போகிறோம்.