மோலியா, ஆரஞ்சு குரோமைடா, கரிமீனா? சென்னை வீட்டுத் தொட்டியில் உவர்நீர் மீன் இனப்பெருக்கம்

உவர்நீர் மீனை, அதாவது ஆறும் கடலும் கலக்கும் இடத்து அரை உப்புத் தண்ணீரில் வாழும் மீனை, வாங்கி வளர்ப்பது வேறு, குஞ்சு எடுப்பது வேறு. கொளத்தூர் கடைகளில் ஸ்கேட், மோனோ மாதிரி உவர்நீர் மீன்களைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் அவற்றை அழகுக்கு வாங்கலாம், குஞ்சுக்கு வாங்க வேண்டாம். அவற்றைச் சினைப்படுத்துவது பெரிய தொட்டி, ஹார்மோன் என்று முட்டுக்காடு மாதிரி ஆய்வு நிலையங்களில் நடக்கிற வேலை. பம்பிள்பீ கோபி முட்டையிடும்தான். ஆனால் பொரிந்து வருவது கண்ணுக்கே சரியாகத் தெரியாத பொடி, அதற்கு ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிரை வளர்த்துப் போட வேண்டும். வீட்டில் கைகூடக்கூடியவை மூன்றுதான்: மோலி, ஆரஞ்சு குரோமைடு, கரிமீன்.

மோலி சுலபம், அதனாலேயே கொஞ்சம் சலிப்பு. முட்டையே கிடையாது. ஏறக்குறைய 4 வாரத்துக்கு ஒருமுறை நேராகக் குஞ்சு போடும். தாயே தின்றுவிடாமல் இருக்க நிறைய பாசியும் மிதக்கும் செடியும் போட்டால் போதும். உப்பு இல்லாமலும் குட்டி போடும், ஆனால் மிருதுவான தண்ணீரில் உடம்பைக் குலுக்கிக்கொண்டு ஒரே இடத்தில் நிற்க ஆரம்பித்துவிடும். நம் ஊர் போர் தண்ணீரின் கடினத்தன்மை இந்த மீனுக்கு வரம், ஆர்.ஓ. தண்ணீர்தான் ஆகாது. உப்புத் தண்ணீர்த் தொட்டியைப் பராமரிக்கப் பழகுவதற்கு மோலி நல்ல பயிற்சி. அவ்வளவுதான்.

கரிமீன் அடுத்த கோடி. பழவேற்காட்டிலும் கிடைப்பது, கேரளத்தின் மாநில மீன். தட்டில் பார்த்துப் பழகியவர்களுக்கே அதன் அளவு தெரியும்: சாதாரணமாகவே 20 செ.மீ. வளரும். ஆண், பெண் என்று பார்த்தவுடன் பிரிக்க முடியாது. கூட்டமாக வளர்த்து, தானாக ஜோடி சேரும்வரை காத்திருக்க வேண்டும். கூட்டத்துக்கு 400 லிட்டராவது வேண்டும். உப்பு பார்க்கும் அளவுமானியில் (ஹைட்ரோமீட்டர்) ஒப்படர்த்தி 1.005 காட்ட லிட்டருக்குச் சுமார் 7 கிராம் கடல் உப்புக் கலவை என்றால், தொட்டியை ஒருமுறை நிரப்பவே கிட்டத்தட்ட 3 கிலோ. வாரா வாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றினால் அதற்கு முக்கால் கிலோ தனி. மொட்டைமாடியில் நிழலோடு சிமென்ட் தொட்டி கட்ட இடமிருப்பவர்கள் முயலலாம். இரண்டாவது மாடி அபார்ட்மென்ட் வரவேற்பறைக்கு இது சரிப்படாது.

என் ஓட்டு ஆரஞ்சு குரோமைடுக்குத்தான். அதிகம் போனால் 8 செ.மீ., 100 லிட்டர் தொட்டியில் ஒரு ஜோடி நிம்மதியாக இருக்கும். தென்னிந்தியாவும் இலங்கையும்தான் பூர்வீகம் என்பதால் சென்னை வெக்கையை மற்ற பல மீன்களைவிட நன்றாகத் தாங்கும். ஐந்தாறு இளசுகளாக வாங்குங்கள். ஒரு ஜோடி சேர்ந்து மற்றதை விரட்ட ஆரம்பித்ததும் மீதியை மாற்றிவிடலாம். தட்டைக் கல்லிலோ சின்னப் பானைக்குள்ளோ முட்டை ஒட்டும். அப்பா, அம்மா இரண்டும் காவல். குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதும் பெற்றோர் உடம்பில் ஊறும் வழவழப்பைக் கொத்தித் தின்னும். இதைப் பார்ப்பதற்காகவே இந்த மீனை வளர்க்கலாம்.

சிக்கல் இல்லாமல் இல்லை. முதல் ஈட்டு முட்டைகளைப் புது ஜோடி தின்றுவிடுவது சகஜம். பதறி முட்டையைப் பிரித்தெடுக்காமல் அடுத்த ஈட்டுக்கு விட்டுவிடுவது மேல். கடையில் நல்ல தண்ணீரில் வைத்திருப்பார்கள் என்பதால் உப்பை வாரக்கணக்கில் மெல்ல ஏற்ற வேண்டும், இல்லையென்றால் மீன் பிழைத்தாலும் ஃபில்டரில் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா அடிவாங்கும். மே மாதத்தில் இன்னொரு தொல்லை. தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆகாது. குறைந்த அளவுக்கு உப்பில்லாத தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். மெட்ரோ தண்ணீர் என்றால் குளோரினை நீக்கிவிட்டு. உப்புத் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் மாதக் கடைசியில் அளவுமானி வேறு கதை சொல்லும். சூடான தண்ணீரில் ஆக்சிஜனும் குறைவு, ஆகவே கரண்ட் போகும் வீடுகளில் பேட்டரி ஏர்பம்ப் கட்டாயம்.

கல் உப்பு போடலாமா என்று கேட்பார்கள். மோலிக்குப் போர் தண்ணீரோடு சமாளிக்கலாம். குரோமைடுக்கு நான் சொல்லமாட்டேன்: கல் உப்பு பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், கடல் கலவையில் இருக்கிற அளவுக்குக் கால்சியமும் மக்னீசியமும் அதில் வராது.

குஞ்சுத் தீனியில் உவர்நீர்க்காரர்களுக்கு ஒரு லாபம் உண்டு. குஞ்சுகளுக்கு உயிரோடு போடும் பொடி இறாலினமான ஆர்ட்டீமியா நம் ஊர் வெப்பத்தில் ஒரே நாளில் பொரிந்துவிடும். நல்ல தண்ணீர்த் தொட்டியில் சில மணி நேரத்தில் செத்துத் தண்ணீரைக் கெடுக்கும் அது, இங்கே அதைவிட நேரம் உயிரோடு நீந்தும். குஞ்சுகள் ஆற அமரத் தின்னும்.

சரி, இடம் இருக்கிறதே, கரிமீனையும் ஆரஞ்சு குரோமைடையும் ஒன்றாக விடலாமா? காயலில் (கடலோர உப்பங்கழியில்) இரண்டும் சேர்ந்தே வாழ்கின்றன. சின்னது பெரியதன் உடம்பில் உள்ள ஒட்டுண்ணிகளைக் கொத்திச் சுத்தம் செய்யும். அதே சின்னது, சந்தர்ப்பம் கிடைத்தால் கரிமீனின் முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடும். காட்சிக்கு என்றால் சேர்த்து விடுங்கள், கரிமீன் குஞ்சு வேண்டுமென்றால் தனித்தனித் தொட்டிதான்.